லெட்வில் 100: பாதி வழியில் சைக்கிள் மக்கர் செய்தாலும் 12 மணி நேரத்துக்குள் முடிக்க

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலையில் உள்ள பழைய சுரங்க ஊர் லெட்வில். 1994-இல் இங்கே தொடங்கிய மவுண்டன் பைக் பந்தயம் ஆகஸ்ட் மாதத்தில் நடக்கிறது. தூரம் சுமார் 104 மைல், அதாவது 167 கி.மீ. கிளம்பும் இடமே 10,000 அடிக்கு மேல். பாதி வழியில் திரும்பும் கொலம்பைன் சுரங்கம் 12,400 அடியைத் தொடும். 12 மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தால் பெல்ட் பக்கிள் (இடுப்புவார்க் கொக்கி) பரிசு.

கணக்கு போட்டால் மணிக்கு 14 கி.மீ. போதும். பத்து நிமிடம் நின்று பஞ்சர் ஒட்டினால் போவது இரண்டரை கி.மீ.கூட இல்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தைப் பிடிக்க அடுத்த ஏற்றத்தில் மூச்சு வாங்க மிதிப்பவர்கள்தான் பிறகு கால் இழுத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். 10,000 அடியில் காற்று மெலிந்திருப்பதால், ஒருமுறை அளவுக்கு மீறி மிதித்தால் உடம்பு எளிதில் மீளாது.

படி 1: கையில் இருக்க வேண்டியவை

டியூப் 1, டயர் லீவர் 2, டியூப்லெஸ் பிளக் (டியூப் இல்லாத டயரின் ஓட்டையை அடைக்கும் ரப்பர் துண்டு) 4 அல்லது 5, சின்ன கைப்பம்பு, செயின் டூல் (செயின் கண்ணியைத் தள்ளிக் கழற்றும் கருவி), உங்கள் செயினுக்குப் பொருந்தும் குயிக் லிங்க் (அறுந்த செயினை இணைக்கும் கண்ணி) 2, உங்கள் சைக்கிள் மாடலுக்கான டீரெய்லர் ஹேங்கர் (கியர் மாற்றும் டீரெய்லரைச் சட்டத்தோடு இணைக்கும் துண்டு) 1, ஆலன் கீ செட். 11 ஸ்பீடு லிங்க் 12 ஸ்பீடு செயினில் சரியாக உட்காராது. ஹேங்கரும் மாடலுக்கு மாடல் மாறும், வழியில் யாரிடமும் கடன் கிடைக்காது. மெல்லிய மழைக்கோட்டையும் விடாதீர்கள். கொலம்பைன் உச்சியில் மரமே கிடையாது. மதியத்துக்கு மேல் இடியும் ஆலங்கட்டியும் வரும்.

படி 2: பஞ்சர்

29 அங்குல, 2.3 அகல டயருக்கு 90 முதல் 120 மி.லி. சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பு ஊற்றினால் காய்ந்திருக்காது.

காற்று சீறும் சத்தம் கேட்டதும் இறங்கி, ஓட்டையைத் தேடிப்பிடித்து, அந்த இடம் தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைத் திருப்புங்கள். சீலன்ட் அங்கே தேங்கி, பெரும்பாலும் அரை நிமிடத்தில் அடைத்துவிடும். அடையாவிட்டால் பிளக்கை ஊசியோடு குத்தி, இரண்டு முனையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஊசியை மட்டும் வெடுக்கென்று இழுங்கள். பிறகு காற்றடியுங்கள்.

டயரின் பக்கச் சுவர் கிழிந்திருந்தால் பிளக் நிற்காது. டியூப்லெஸ் வால்வைக் கழற்றிவிட்டு டியூப் போட வேண்டியதுதான். போடும் முன் டயரின் உட்பக்கம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். குத்திய முள்ளோ கல்துண்டோ உள்ளேயே இருந்தால் புது டியூபும் அடுத்த மைலில் போய்விடும். கிழிசலுக்கு உட்புறமாக ஒரு துண்டு பழைய டயரையோ மடித்த சாக்லேட் உறையையோ வைத்தால் டியூப் பிதுங்காது. சக்கரம் வெளியே இருக்கும்போது டிஸ்க் பிரேக் லீவரைத் தொடவே கூடாது. தொட்டால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும், சக்கரம் உள்ளே போகாது. அப்படி ஆகிவிட்டால் டயர் லீவரை நடுவில் விட்டு நெம்பி விலக்குங்கள்.

படி 3: செயின்

ஏற்றத்தில் அழுத்தி மிதித்துக்கொண்டே கியர் மாற்றுவதுதான் செயின் அறுபட முக்கியக் காரணம். வளைந்த கண்ணியை டூலால் தள்ளி எடுத்து, இரு முனையிலும் உள்கண்ணி வரும்படி செய்து, குயிக் லிங்க் மாட்டுங்கள். லிங்க் மேல்பக்கம் வரும்வரை சுற்றி, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை ஓங்கி அழுத்தினால் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். செயின் கொஞ்சம் குட்டையாகிவிட்டதால், இனி மிகப் பெரிய பல்சக்கரத்துக்குப் போகாதீர்கள்.

விழுந்து எழுந்தபின் கியர் தானாகத் தாவினால் ஹேங்கர் வளைந்திருக்கிறது. கையில் இருக்கும் புது ஹேங்கரை மாட்டாமல் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் டீரெய்லர் ஸ்போக்கில் சிக்கி மொத்தமும் நொறுங்கும்.

இந்த இரண்டு படிகளையும் வீட்டில் கையுறை போட்டு, கடிகாரம் பார்த்துச் செய்து பழகுங்கள்.

படி 4: உடம்பு

மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து, 500 முதல் 750 மி.லி. நீர். பசி வந்தபின் சாப்பிட்டால் தாமதம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது வாயில் போட வேண்டும். குமட்டினால் திடஉணவை நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, கால் மணி நேரம் வெறும் தண்ணீரை மட்டும் உறிஞ்சுங்கள். இதயத்துடிப்பு இறங்கினால் வயிறும் வழிக்கு வரும்.

தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம், சும்மா நின்றாலும் மூச்சுத்திணறல் ஆகியவை தெரிந்தால் பந்தயத்தை அங்கேயே விட்டு, மருத்துவக் குழுவிடம் சொல்லி, உயரத்திலிருந்து இறங்குங்கள்.

படி 5: போன நேரத்தை மீட்பது

ஏற்றத்தில் அல்ல, உதவி நிலையங்களில் மீட்க வேண்டும். என்ன எடுக்கப்போகிறோம் என்று போகும்போதே முடிவுசெய்து, ஐந்து நிமிடம் நிற்பதற்குப் பதில் பாட்டில் மாற்றி இரண்டு நிமிடத்தில் கிளம்பினால், ஐந்து நிலையங்களில் கால் மணி நேரம் மிச்சம்.

பவர்லைன் ஏற்றம் 80 மைல் ஓட்டியபின் வருகிறது, அதன் தொடக்கம் சுவர் மாதிரி. பெரும்பாலானோர் அங்கே தள்ளிக்கொண்டுதான் நடக்கிறார்கள். நீங்களும் தயங்காமல் நடங்கள், நடந்துகொண்டே சாப்பிடுங்கள். அதற்குப் பிறகும் டர்க்காய்ஸ் ஏரிக்கரையிலிருந்து ஒரு தார்ச்சாலை ஏற்றம் பாக்கி இருக்கிறது. அதன் உச்சியான கார்ட்டர் சம்மிட்டிலிருந்து ஊருக்கு வர, குறைந்தது ஒரு மணி நேரமாவது கையில் வைத்திருங்கள். இறக்கம்தானே என்று தோன்றும், ஆனால் கடைசி சில கி.மீ. மீண்டும் மேல்நோக்கித்தான் போகிறது.