சோலைக்காடு மீண்டு வரும் மலையில் ஏறப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கொடைக்கானல் பக்கம் பழனி மலைச் சரிவுகளில் வழிகாட்டியோடு ஏறுகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். அங்கே முக்கியமான வேலை நடப்பது காலடியில்.

இந்த மலைகளின் புல்வெளிகளில் விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், ஆலைகளுக்குமாக வாட்டில், பைன், யூகலிப்டஸ் என்ற வெளிநாட்டு மரங்களை நட்டு நிரப்பினார்கள். சோலை என்பது இந்த உயரமான மலைகளுக்கே உரிய பசுமைமாறாக் காடு. இப்போது பழைய வாட்டில் தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. பறவைகளும் விலங்குகளும் கொண்டுவந்து போட்ட விதைகள் அவை. சோலைக் கன்று நிழலைத் தாங்கி வளரும். வாட்டில் கன்றுக்கு வெயில் வேண்டும்.

பாதையை விட்டு விலகுவதுதான் இங்கே செய்யக்கூடிய பெரிய தவறு. சேறாக இருக்கிறதே என்று ஓரமாக ஒதுங்கி நடப்போம். அந்த ஓரத்தில் ஒரு சாண் உயரத்தில், தடித்த இலையும் சிவந்த துளிருமாக ஏதோ செடி நிற்கும். களை என்றுதான் தோன்றும். சோலை மரங்கள் மெதுவாக வளர்பவை. அந்தச் சாண் உயரத்துக்கே சில வருடங்கள் ஆகியிருக்கலாம். ஷூ சேறானால் ஆகட்டும், வழிகாட்டி கால் வைத்த இடத்திலேயே வையுங்கள்.

"வெளிநாட்டு மரம்தானே, மொத்தமாக வெட்டித் தள்ள வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே அடியாக வெட்டினால் தரையில் வெயில் விழும். மண்ணுக்குள் பல வருடங்களாகக் கிடக்கும் வாட்டில் விதைகள் கூட்டமாக முளைத்துவிடும். எதை எப்போது எடுப்பது என்பதை வனத்துறை பார்த்துக்கொள்ளட்டும். நல்லது செய்வதாக நினைத்து நீங்கள் எதையும் பிடுங்க வேண்டாம்.

அப்புறம், விதைப்பந்து. பை நிறைய வேம்பு, புங்கன் விதைப்பந்துகளோடு மலையேறும் குழுக்களின் மனசு நல்ல மனசுதான். ஆனால் அவை சமவெளி மரங்கள். மேலே தெரியும் புல்வெளியும் மரம் அழிந்து மொட்டையான இடம் இல்லை. சோலையும் புல்வெளியும் சேர்ந்ததுதான் அந்த மலையின் இயல்பு. மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைகளுக்கு விடுவதில் புல்லுக்கும் பங்கு உண்டு. அங்கே மரம் நட்டதில்தான் பிரச்சினையே தொடங்கியது.

கிளம்புவதற்கு முன் ஷூவையும் சாக்ஸையும் கழுவுங்கள். போன இடத்துக் களை விதைகள் ஒட்டிக்கொண்டு வரும். பழத்தோலையும் கொட்டையையும் திரும்பக் கொண்டுவாருங்கள். மழைக்காலத்தில் அட்டை ஏறும். நீளமான சாக்ஸ் போட்டு பேன்ட்டை உள்ளே செருகினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். காட்டுமாடு வழியில் நின்றால் போனை எடுக்காமல் வழிகாட்டியின் பேச்சைக் கேளுங்கள்.

கோடையில் அனுமதி மூடியிருக்கும்போது "தெரிந்த ஆள்" மூலமாக ஏறுவது எல்லாவற்றையும்விட ஆபத்தானது. காய்ந்த புல்லில் தீ சரிவின் மேல்நோக்கி மனிதர் ஓடுவதைவிட வேகமாக ஏறும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு தமிழக அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. அனுமதிச் சீட்டில் எந்தப் பாதை எழுதியிருக்கிறது, அதே பாதையில்தான் போகிறோமா என்பதை வண்டியை விட்டு இறங்கியதுமே கேட்டுவிடுங்கள்.