முகத்தைப் பார்த்து நாடி சொல்லும் வெப்கேம்

நாடி பார்க்கக் கையைப் பிடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் முகத்தோலுக்கு அடியில் ரத்தம் சற்றே கூடிக் குறைகிறது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஆகவே ரத்தம் கூடும் கணத்தில் முகத்திலிருந்து திரும்பும் பச்சை ஒளி இம்மியளவு குறையும். கண்ணுக்குப் புலப்படாத இந்த மாற்றத்தைப் பிடிக்க அறை வெளிச்சமும் சாதாரண கேமராவும் போதும் என்று வெர்க்ருய்ஸ் குழுவினர் 2008இல் காட்டினார்கள். பைத்தான் நிரல்மொழி ஓரளவு தெரிந்தவர்கள் ஓபன்சிவி, நம்பை, சைபை ஆகிய இலவச நிரல் தொகுப்புகளை வைத்து ஒரே மாலையில் செய்து பார்க்கலாம்.

படி 1: படம்பிடித்தல். பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது. ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொண்டு 30 நொடி பேசாமல், அசையாமல் இருங்கள். கேமராவின் தானியங்கி வெளிச்சச் சரிசெய்தலையும் நிறச் சரிசெய்தலையும் அணைத்துவிடுங்கள். நாம் தேடும் சிறு மாற்றத்தைப் பிழை என்று எண்ணி அவை அழித்துவிடக்கூடும். செல்பேசியில் எடுத்த வீடியோவைச் செய்திச் செயலி வழியாக அனுப்பிப் பயன்படுத்தாதீர்கள். கோப்பைச் சுருக்கும்போது முதலில் பலியாவது இந்த நுண்ணிய மாற்றம்தான். கருத்த தோலில் மெலனின் ஒளியைத் தன் பங்குக்கு உறிஞ்சிக்கொள்வதால் சமிக்ஞை இன்னும் மெலியும். நம்மில் பலருக்கு வெளிச்சம் தாராளமாகவே வேண்டும்.

படி 2: நெற்றியைப் பிடித்தல். ஓபன்சிவியுடன் வரும் ஹார் முகங்காணி முகத்தைச் சுற்றி ஒரு கட்டம் போடும். அதன் மேற்பகுதியில், நடுவில், முடி படாத ஒரு சிறு செவ்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரேமிலும் முகத்தைப் புதிதாகத் தேடினால் கட்டம் நடுங்கும். அந்த நடுக்கமே நாடிபோல வேடம் போடும். அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு முதல் பிரேமில் ஒருமுறை தேடினால் போதும்.

படி 3: சராசரி. ஒவ்வொரு பிரேமிலும் அந்தச் செவ்வகத்தின் பச்சை மதிப்புகளைக் கூட்டிச் சராசரி எடுங்கள். (ஓபன்சிவி நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்று தலைகீழாக அடுக்கும். நல்லவேளை, பச்சை எப்படியும் நடுவில்தான்.) நாடியால் வரும் மாற்றம் 255 படிகளில் ஒரு படிகூடத் தேறாமல் போகலாம். ஆனால் பிக்சல்களின் இரைச்சல் (மதிப்புகள் தற்செயலாக ஏறி இறங்குவது) ஒன்றையொன்று சாராததாக இருந்தால், 10,000 பிக்சல்களின் சராசரியில் அது நூறில் ஒரு பங்காக அடங்கிவிடும்.

படி 4: கணக்கு. நொடிக்கு 30 பிரேம் என்றால் 900 எண்கள் கையில் இருக்கும். மெதுவான ஏற்ற இறக்கத்தை நீக்கிவிட்டு, 0.7 முதல் 4 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விடும் வடிப்பானில் செலுத்துங்கள். நிமிடத்துக்கு 42 முதல் 240 துடிப்பு என்பது அதன் பொருள். பிறகு, எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் ஃபூரியர் உருமாற்றம் செய்து, மிக உயரமான முகடு எங்கே என்று பாருங்கள். 30 நொடிப் பதிவில் அதிர்வெண் படிகள் நிமிடத்துக்கு 2 துடிப்பு இடைவெளியில் அமையும். முகடு 37ஆவது படியில் இருந்தால் விடை 74.

என் முதல் முயற்சியில் 92 வந்தது. மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணினால் 74. நிரலை இரண்டு நாள் புரட்டிய பிறகே புரிந்தது: வெளிச்சம் போதாமல் கேமரா நொடிக்கு 24 பிரேமாகக் குறைத்துக்கொண்டது, நானோ 30 என்றே கணக்கிட்டிருந்தேன். எனவே ஒவ்வொரு பிரேமும் வந்த நேரத்தைக் குறித்துவைத்து, உண்மையான வேகத்தை அதிலிருந்து கணக்கிடுங்கள்.

படி 5: சோதனை. விடையை மணிக்கட்டில் எண்ணிய கணக்கோடு ஒப்பிடுங்கள். அடுத்து, கேமராவைச் சுவரில் மாலையோடு தொங்கும் தாத்தாவின் படத்துக்குத் திருப்புங்கள். எங்கள் தாத்தாவுக்கு நிமிடத்துக்கு 66 துடிப்பு என்றது என் நிரல். எந்த இரைச்சலிலும் ஏதோ ஒரு முகடு உயரமாக இருக்கத்தானே செய்யும்? முகடு தன் அக்கம்பக்கத்தைவிடப் பல மடங்கு ஓங்கி நின்றால் மட்டுமே எண்ணைக் காட்டும்படி ஒரு நிபந்தனை சேர்த்தேன். இப்போது தாத்தாவுக்கு 'நாடி கிடைக்கவில்லை' என்று வருகிறது.