அரிய கார் சேர்க்க ஆசையா? இந்தத் தவறுகள் வேண்டாம்

காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ கார் மேல் பைத்தியமாக இருக்கும் தம்பிகளிடம் ஹைப்பர்கார், அதாவது கொஞ்சமே தயாராகும் அதிவேக, அதிக விலைக் கார் பற்றிய பேச்சை எடுத்தால், முதலில் இரண்டு எண்கள்தான் வரும்: எத்தனை குதிரைத்திறன், உலகத்தில் மொத்தம் எத்தனை வண்டி. இந்த இரண்டை வைத்தே மதிப்பு போடுவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு.

ஜாகுவார் எக்ஸ்ஜே220-ஐப் பாருங்கள். 350 வண்டிதான் என்று அறிவித்தார்கள். வி12 இன்ஜின் (பன்னிரண்டு சிலிண்டர்), நான்கு சக்கர இயக்கம் என்று நம்பிப் பலர் முன்பணம் கட்டினார்கள். 1992-இல் வரத் தொடங்கிய வண்டியில் இருந்தது டர்போ வைத்த வி6 (ஆறே சிலிண்டர்), பின்சக்கர இயக்கம். பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, வாங்க வந்தவர்கள் பின்வாங்கி, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 300 வண்டிகூடத் தேறவில்லை. அரிய கார்தான், ஆனாலும் ரொம்ப வருடம் விலை ஏறவே இல்லை.

மெக்லாரன் எஃப்1 காரின் கதையே வேறு. மொத்தம் 106 வண்டிகள், அதில் சாதாரண சாலை வண்டிகள் 64. ஓட்டுநர் நடுவில் உட்காருவார். இன்ஜின் அறையில் வெப்பத்தைத் தடுக்கத் தங்கத் தகடு ஒட்டியிருப்பார்கள். வேகத்தில் புகாட்டி வேரான் 2005-லேயே அதை முந்திவிட்டது. இருந்தும் 2021-இல் அமெரிக்காவின் பெபிள் பீச் ஏலத்தில், 400 கிலோமீட்டர்கூட ஓடாத ஒரு எஃப்1 2 கோடி டாலருக்கு மேல் போனது. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலை கலையாமல், பேப்பரோடு இருந்த வண்டி அது. சேகரிப்பவர் தேடுவது அதைத்தான்.

அப்படியென்றால் ஓட்டாமல் பூட்டி வைத்தால் போதுமா? போதாது. ஓடாத டயரும் காலப்போக்கில் இறுகி வெடிப்பு விடும். எஃப்1-இல் பெட்ரோல் நிற்கும் டேங்க் பையைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதற்கு இன்ஜினையே இறக்க வேண்டும். நம் வேலூர் கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் வண்டியின் ரப்பரும் தோலும் என்ன பாடுபடும்!

ஹைப்பர்கார் நமக்கு எட்டாது, சரி. தாத்தா ஓட்டிய ஃபியட்டோ அம்பாசடரோ வீட்டில் நிற்கிறதா? 50 வயதைத் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. பதிவு எண்ணில் விஏ (VA) என்ற எழுத்துகள் வரும். சேசிஸ் (அடிச்சட்டம்), பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ விடவும் கூடாது. ஆகவே இன்ஜினைக் கழற்றி டீசல் இன்ஜின் வைக்கும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய தவறு ஒன்றும் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் தொழில். நல்ல தோல் கையருகே இருக்கிறதே என்று பழைய சீட்டை உரித்துப் புதிதாகத் தைத்துவிடுகிறார்கள். பார்க்கப் பளபளப்பாகத்தான் இருக்கும். ஆனால் விவரம் தெரிந்தவர் கதவைத் திறந்ததுமே கண்டுபிடித்து விலையைக் குறைப்பார். முதலில் சுத்தம் செய்து, எண்ணெய்ப் பதம் கொடுத்துப் பாருங்கள். கிழிந்த இடத்தை மட்டும் தைக்கச் சொல்லுங்கள். மாற்றியே தீர வேண்டும் என்றால், கழற்றிய உறையைத் தூக்கிப் போடாமல் மடித்து, பழைய ஆர்சி புத்தகத்தோடும் சர்வீஸ் பில்களோடும் பத்திரமாக வையுங்கள்.