குடிப்பவரின் கல்லீரல் ரத்தப் பரிசோதனை: எங்கே தவறு நடக்கிறது?

"எல்.எஃப்.டி. நார்மல், கல்லீரலுக்கு ஒன்றுமில்லை." பல வருடமாகக் குடிப்பவரின் வீட்டில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். முதல் தவறே இதுதான். எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனையில் வரும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற என்சைம்கள் இரண்டும் கல்லீரல் செல்கள் இப்போது எவ்வளவு அடிபடுகின்றன என்பதைக் காட்டும். வருடக்கணக்கில் சேர்ந்த தழும்பைக் காட்டாது. கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸ் வந்தவருக்கும் இரண்டும் நார்மலாக இருப்பதுண்டு.

தழும்பை மதிப்பிட ஃபிப்-4 என்ற கணக்கு இருக்கிறது. இதற்குத் தனியாக ரத்தம் கொடுக்க வேண்டியதில்லை. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) எண்ணிக்கையை எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் ஃபிப்-4. பொதுவாக 1.3-க்குக் கீழே என்றால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. அதைத் தாண்டினால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் மாதிரி அடுத்த பரிசோதனை, 2.67-க்கு மேல் போனால் தாமதிக்காமல் கல்லீரல் மருத்துவரைப் பாருங்கள். 65 வயது தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லை 2.0. 35-க்குக் குறைந்த வயதில் இந்தக் கணக்கை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

கணக்கிலேயே சறுக்குபவர்கள் நிறைய. உதாரணத்துக்கு வயது 45, எஸ்.ஜி.ஓ.டி. 80, எஸ்.ஜி.பி.டி. 36, பிளேட்லெட் 1.5 லட்சம். சென்னை லேப் ரிப்போர்ட்டில் லட்சத்தில் இருப்பதைக் கணக்கில் ஆயிரத்தில், அதாவது 150 என்று போட வேண்டும். விடை 4.0. அப்படியே 1.5 என்று போட்டால் 400 வரும். அதைப் பார்த்ததும் தப்பு என்று தெரிந்துவிடும். ஓ.டி.யையும் பி.டி.யையும் இடம் மாற்றிப் போட்டால்தான் ஆபத்து. விடை 1.2 வரும், ஆள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்.

ரத்தம் கொடுக்கும் நேரமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்கு வந்தால் பிளேட்லெட் சரியும், எஸ்.ஜி.ஓ.டி. ஏறும்; ஃபிப்-4 கன்னாபின்னாவென்று எகிறும். காய்ச்சல் விட்டு, எண்கள் பழைய நிலைக்கு வந்த பிறகே கணக்குப் போடுங்கள். ஜிம்மில் கடுமையாக உடற்பயிற்சி செய்த மறுநாளும் வேண்டாம், தசையிலிருந்தும் எஸ்.ஜி.ஓ.டி. வரும். சாம்பிளில் சிவப்பணு உடைந்திருந்தாலும் அது கூடிவிடும். பிளேட்லெட் திடீரென்று குறைவாக வந்தால் ஊதா மூடிக் குழாயில் அவை கட்டிக்கொண்டனவா என்று ஸ்மியர் (ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) பார்க்கச் சொல்லுங்கள்.

ஜி.ஜி.டி. என்ற இன்னொரு கல்லீரல் என்சைம் கூடினால் குடிதான் காரணம் என்று முடிவு கட்டுவதும் தவறு. கொழுப்புக் கல்லீரல், ஃபெனிடாயின் போன்ற வலிப்பு மாத்திரை, இரண்டிலும் கூடும்.

ஃபைப்ரோஸ்கேனுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் போனாலோ, குடியால் கல்லீரல் வீங்கியிருந்தாலோ விறைப்பு நிஜத்தைவிட அதிகமாகக் காட்டும். குடியை நிறுத்திச் சில வாரம் கழித்து மறுபடி எடுத்தால் எண் இறங்குவது சகஜம்.

ஆனால் ரிப்போர்ட் நன்றாக வரட்டும் என்று தினமும் குடிப்பவர் தானாகத் திடீரென நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மையில் ஆரம்பித்து வலிப்பு வரை போகலாம். எவ்வளவு, எத்தனை நாளாகக் குடிக்கிறார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, அவர் தரும் மருந்தோடு நிறுத்த வேண்டும்.