'கம்ஃப்டபிள்': ஓர் ஆங்கிலப் பெயரடையைச் சரியாகச் சொல்லவும் பயன்படுத்தவும்

"கம்ஃபர்ட்டா உட்காருங்க" என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். தமிழ்ப் பேச்சில் அதில் பிழை ஏதும் இல்லை. அழகு அழகாக ஆவதும், வசதி வசதியாக ஆவதும் போலவே, இரவல் வாங்கிய பெயர்ச்சொல்லோடு 'ஆக' சேர்த்து நமக்கு வேண்டிய வடிவத்தை ஆக்கிக்கொள்வது நம் மொழியின் வழக்கம். ஆங்கிலத்தில் பேசும்போதும் இதே பழக்கம் உடன் வந்துவிடுவதுதான் சிக்கல். "திஸ் சேர் இஸ் வெரி கம்ஃபர்ட்" என்றும், "ஐ ஃபீல் கம்ஃபர்ட்" என்றும் நன்கு படித்தவர்கள்கூடச் சொல்லக் கேட்கிறோம். 'கம்ஃபர்ட்' என்பது பெயர்ச்சொல்லாகவும் 'தேற்று' என்ற பொருளில் வினைச்சொல்லாகவும் வரும். நாற்காலியையோ மனநிலையையோ விவரிக்க அதன் பெயரடை வடிவமே தேவை. "திஸ் சேர் இஸ் வெரி கம்ஃப்டபிள்", "ஐ ஃபீல் கம்ஃப்டபிள்" என்பவையே சரியான வாக்கியங்கள்.

வழக்கமாகத் தமிழில் 'கம்ஃபர்டபிள்' என்று எழுதப்படும் இச்சொல்லை நான் 'கம்ஃப்டபிள்' என்று எழுதுவதற்குக் காரணம் அதன் ஒலிப்பு. ஆங்கிலத்தில் எழுதும்போது பதினொரு எழுத்துகள் (comfortable) இருந்தாலும், பிரிட்டனில் இன்று பெரும்பாலும் கேட்கும் ஒலிப்பில் இது மூன்றே அசைகள் கொண்டது: கம்ஃப், ட, பிள். நடுவில் உள்ள 'ஓ', 'ஆர்' ஆகிய இரு எழுத்துகளும் ஒலிக்காமல் நழுவிவிடுகின்றன. நான்கு அசைகளாக, 'கம்-ஃப-ட-பிள்' என்று நிதானமாகச் சொல்வதும் ஏற்கப்பட்டதே. அமெரிக்கர்கள் நழுவிய 'ஆர்' ஒலியை 'டி'க்குப் பின்னால் கொண்டுவந்து 'கம்ஃப்டர்பிள்' என்கிறார்கள். எதைத் தேர்ந்தாலும் அழுத்தம் முதல் அசையில்தான் விழ வேண்டும். நாம் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். அசைகளுக்குச் சமமான கனம் கொடுத்துப் பேசிப் பழகிய நாம், எழுத்தைப் பார்த்து 'கம்ஃபோர்ட்-டேபிள்' என்று கடைசியில் ஒரு மேசையைப் போட்டுவிடுகிறோம். 'வெஜிடேபிள்' என்று நீட்டுவதும் இதே பிழையின் இன்னொரு முகம். அது 'வெஜ்டபிள்' என்று மூன்று அசைகளில் முடியும் சொல்.

முதல் உயிரொலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'ஓ' என்ற எழுத்தைக் கண்டு 'காம்' என்றோ 'கொம்' என்றோ தொடங்க வேண்டாம். 'கம்பெனி' என்ற சொல்லிலும் அதே எழுத்துகள்தான் தொடக்கத்தில் இருக்கின்றன. அதை யாரும் 'கொம்பெனி' என்பதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியைக் 'கும்பினி' என்று அழைத்த நம் முன்னோரும்கூட அங்கே ஒகரத்தைக் கேட்கவில்லை. 'கம்பெனி'யில் வரும் 'கம்' நாவில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்து, மேல்பற்கள் கீழுதட்டைத் தொட 'ஃப்' என்று காற்றை விட்டு, இடையில் உகரம் எதையும் நுழைக்காமல் 'ட'வுக்குத் தாவ வேண்டும். இந்த 'ட' 'பட்டு' என்பதில் உள்ளதைப் போல வல்லொலியாகவும், 'பிள்'ளில் உள்ள 'ப்' 'தம்பி'யில் உள்ளதைப் போல அதிர்வொலியாகவும் இருக்க வேண்டும். தமிழ் எழுத்து இந்த வேறுபாட்டைக் காட்டாது என்பதால் காதால்தான் இதைப் பிடிக்க முடியும். முடிவில் 'பிள்ளு' என்று இழுக்காமல் நாவை அப்படியே நிறுத்திவிடுங்கள்.

பொருளுக்கு வருவோம். 'வலிமை வாய்ந்த' என்று பொருள்படும் 'ஃபோர்ட்டிஸ்' என்ற லத்தீன் சொல்லே இதன் வேர். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது 'கம்ஃபர்ட்' என்பதற்கு வலுவூட்டுதல், ஆறுதல் தருதல் என்ற பொருள்களே முன்னின்றன. மெத்தையும் சாய்வு நாற்காலியும் பின்னால் வந்தவை. தமிழில் இதற்கு நெருங்கிய உறவினர் 'தேறு' என்ற சொல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நோயுற்ற உடம்பும் தேறுகிறது, துயருற்ற மனமும் தேறுகிறது. வலிமையும் ஆறுதலும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன.

இன்றைய வழக்கில் இப்பெயரடை இரு திசைகளிலும் செல்லும். சுகம் தரும் பொருளையும் குறிக்கும், சுகத்தை உணரும் ஆளையும் குறிக்கும். செருப்பும் கம்ஃப்டபிள், அதை அணிந்தவரும் கம்ஃப்டபிள். மனநிலையைச் சொல்லும்போது அதன்பின் 'வித்' என்ற முன்னிடைச்சொல் வருவது வழக்கம். "ஐ ஆம் நாட் கம்ஃப்டபிள் வித் திஸ் பிளான்" என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னால், அவர் உட்கார இடமில்லை என்று சொல்லவில்லை; இத்திட்டத்தில் எனக்கு உடன்பாடில்லை என்பதை மரியாதையாகச் சொல்கிறார். இதைக் கேட்பவர் மறுப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். "ஐ ஆம் மோர் கம்ஃப்டபிள் ஸ்பீக்கிங் தமிழ்" என்பதைப் போல வினையின் 'இங்' வடிவமும் நேராகத் தொடர்ந்து வரலாம்.

போதிய அளவுக்கு மேல் என்ற பொருளும் இதற்கு உண்டு. 234 இடங்கள் கொண்ட தமிழகச் சட்டமன்றத்தில் 118 இடங்கள் பெற்றால் பெரும்பான்மை கிடைத்துவிடும், ஆனால் அது நூலிழைதான்; 150 இடங்கள் பெற்ற கட்சிக்கே 'கம்ஃப்டபிள் மெஜாரிட்டி' என்பார்கள்.

நம்மை மிகுதியும் தடுமாறச் செய்வது 'கன்வீனியன்ட்' என்ற பக்கத்துச் சொல்தான். பழி நம்முடைய 'வசதி' என்ற சொல்லின் மேல் விழுகிறது. இருக்கை வசதியாக இருக்கிறதா, நாளை பத்து மணி உங்களுக்கு வசதிப்படுமா, அவர்கள் வசதியான குடும்பமா என்று மூன்று வேறு கேள்விகளுக்கும் தமிழில் அந்த ஒரு சொல்லே போதும். ஆங்கிலத்தில் உடலுக்கும் மனத்துக்கும் இதமானது கம்ஃப்டபிள். நேரம், இடம், ஏற்பாடு ஆகியவை நமக்குத் தோதாக அமைவது கன்வீனியன்ட். எனவே "ஆர் யூ கம்ஃப்டபிள் அட் டென்?" என்பதைவிட "இஸ் டென் ஓ'கிளாக் கன்வீனியன்ட் ஃபார் யூ?" என்று கேட்பதே நல்லது. மேலும், மனிதர்கள் கன்வீனியன்ட் ஆக இருப்பதில்லை. "கம் வென் யூ ஆர் கன்வீனியன்ட்" என்று கடிதங்களில் எழுதும் வழக்கம் பிழையானது. "வென் இட் இஸ் கன்வீனியன்ட் ஃபார் யூ" என்று எழுத வேண்டும். பணவசதியைக் குறிக்கவும் கம்ஃப்டபிள் வரும், ஆனால் அது தமிழின் 'வசதியான குடும்பம்' அளவுக்குச் செல்வத்தைச் சொல்வதில்லை. கவலையின்றிக் காலம் தள்ளும் அளவுக்கு வருமானம் உண்டு என்பதோடு அது நிற்கும்.

எதிர்ச்சொல் 'அன்கம்ஃப்டபிள்', அதற்குரிய பெயர்ச்சொல் 'டிஸ்கம்ஃபர்ட்'. முன்னொட்டுகளை மாற்றிப் போட்டுவிடக் கூடாது. 'கம்ஃபர்ட்டிங்' என்பது ஆறுதல் அளிக்கும் சொற்களுக்கும் செயல்களுக்கும் உரிய தனிப் பெயரடை.

மருத்துவமனையில் வரும் பயன்பாட்டைத் தனியே சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. மருத்துவரோ செவிலியரோ "தி பேஷன்ட் இஸ் கம்ஃப்டபிள்" என்று சொன்னால், நோயாளி இப்போது வலியோ மூச்சுத் திணறலோ பெரிதாக இல்லாமல் அமைதியாக இருக்கிறார் என்பதுதான் அதன் பொருள். நோய் குணமாகிறது என்ற பொருள் அதில் இல்லை. "வீ வில் கீப் ஹிம் கம்ஃப்டபிள்" என்பது, குணப்படுத்தும் சிகிச்சைக்கு இனி இடமில்லை, வேதனை தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம் என்பதை மென்மையாகச் சொல்லும் தொடராகவும் இருக்கக்கூடும். வெளியூரிலிருந்து தொலைபேசியில் இதைக் கேட்டு, "அப்பா நல்லா இருக்காராம்" என்று நிம்மதியடைந்து பயணத்தைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. அச்சொல் காதில் விழுந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளாமல், "இஸ் ஹி கெட்டிங் பெட்டர்?" என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.