புகைபோக்கியில் போகும் வெப்பத்தை மின்சாரமாக்குவது எப்படி?

திருப்பூர்ச் சாயப்பட்டறையோ கோவை ஃபவுண்டரியோ, எதுவானாலும் முதல் வேலை அளப்பதுதான். புகைபோக்கிக்குள் செல்லும் புகையின் வெப்பநிலையையும் அளவையும் ஒரு வாரம் மணிக்கொரு முறை குறித்து வையுங்கள். ஷிஃப்ட் மாறும்போதும் மெஷின் நிற்கும்போதும் சூடு எவ்வளவு இறங்குகிறது என்பதைப் பார்த்தே மின்சாரம் எடுக்கும் டர்பைனின் அளவை முடிவு செய்ய வேண்டும். சராசரியை மட்டும் நம்பினால் பெரிய டர்பைனை வாங்கிவிட்டுப் பாதி நேரம் நிறுத்தி வைக்க நேரும்.

மணிக்கு 10,000 கிலோ புகை 280 டிகிரி செல்சியஸில் வெளியேறுவதாகவும், அதை 180 டிகிரிக்கு இறக்குவதாகவும் கொள்வோம். கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ 290 கிலோவாட். பென்டேன் போன்று குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் திரவத்தை ஆவியாக்கி டர்பைனைச் சுழற்றும் ஓ.ஆர்.சி. (ஆர்கானிக் ரான்கின் சைக்கிள்) முறை இதற்குப் பொருந்தும். பம்பும் குளிர்விப்பானும் எடுத்துக்கொண்டது போகக் கைக்கு வருவது சுமார் 30 கிலோவாட். ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடினால் 1,80,000 யூனிட். யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 125 டன் கார்பன் டை ஆக்சைடு குறையும்.

ஆனால் அதே வெப்பத்தை எக்கனாமைசர் என்னும் வெப்பமாற்றி வைத்துப் பாய்லருக்குப் போகும் தண்ணீரில் ஏற்றினால், தண்ணீரின் சூடு உயரும் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் சுமார் ஒரு விழுக்காடு விறகு மிச்சமாகும். ஆகவே வெப்பமாகவே பயன்படுத்த வழியிருந்தால் அதை முதலில் செய்துவிட்டு, மிஞ்சியதற்கே டர்பைனை நினைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சாயப்பட்டறைகளுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. 2011ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின், கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாமல் சுத்திகரிக்கும் ஆலைகளில் ஆவியாக்கிகள் நீராவியைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. பாய்லரில் 10 பார் அழுத்தத்தில் உண்டாகும் நீராவியை வால்வு வைத்து 3 பாருக்குக் குறைக்கும் இடத்தில், அந்த அழுத்தம் வீணே போகிறது. வால்வுக்கு இணையாகப் பேக் பிரஷர் டர்பைன் ஒன்றைப் பொருத்தினால், மின்சாரம் எடுத்த பிறகும் நீராவி பெரும்பகுதி வெப்பத்தோடு ஆவியாக்கிக்குப் போய்ச் சேரும். ஈரத்தைப் பிரிக்கும் செபரேட்டரை டர்பைனுக்கு முன்னால் வைப்பது கட்டாயம்.

விறகுச் சாம்பல் குழாய்களில் படியும்; ஓட்டத்திலேயே சுத்தம் செய்யும் வசதி வேண்டும். நொய்யல் ஓரத்தில் தண்ணீர் அருமை என்பதால், கோடையில் உற்பத்தி சற்றுக் குறைந்தாலும் காற்றால் குளிர்விக்கும் கண்டென்சரே ஏற்றது. மின்வாரிய இணைப்புக்கான அனுமதியை ஆர்டர் கொடுக்கும் முன்பே பெறுங்கள். டர்பைன் பழுதானாலும் பட்டறை நிற்காதபடி, புகை நேரே புகைபோக்கிக்குச் செல்ல பைபாஸ் டேம்பரும் (புகையைத் திருப்பிவிடும் தடுப்புத் தகடு), நீராவிக்குப் பழைய வால்வும் அப்படியே இருக்கட்டும்.