எரிச்சும் சாகாத களை ஷீட்டுக்கு அடங்குன கதை

நாத்துப் பாத்தில களை தாங்கல, வைக்கோலப் பரப்பி ரெண்டு தடவ எரிச்சேன், மேல எல்லாம் கருகுச்சு, ஆனா தண்ணி விட்ட ஒரே வாரத்துல சாம்பலுக்குள்ள இருந்தே பச்சையா முளைச்சு வந்துச்சு. ரெண்டாவது தடவ தீ அணைஞ்சதும் தோண்டிப் பாத்தா, ரெண்டு விரக்கடைக்குக் கீழ மண்ணுல சூடே இல்ல. விதை அங்க பத்திரமா கிடக்கு, மட்க வேண்டிய வைக்கோல்தான் வீணாச்சு.

அடுத்து வெயில் சூட்டுலயே விதையச் சாகடிக்கலாம்னு மண்ணு மேல கருப்பு பிளாஸ்டிக் ஷீட் போட்டேன், சரியா வரல, ஷீட்டுதான் சூடாகுது, மண்ணு அவ்வளவா சூடாகல. கண்ணாடி மாதிரி ஷீட்ட காஞ்ச மண்ணுல போட்டதும் அரைகுறைதான்.

கடைசில கட்டி உடைச்சு, சமமாக்கி, நல்லா தண்ணி பாய்ச்சி, ஈரத்தோடவே அதே ஷீட்ட மண்ண ஒட்டி இழுத்துப் போட்டு நாலு ஓரத்தையும் மண்ணால மூடி கோடை வெயில்ல 6 வாரம் விட்டேன். ஈரம் இருந்தாத்தான் சூடு கீழ இறங்கும், ஊறுன விதையும் சீக்கிரம் சாகும். ஒரு மூலைல உடையாத கட்டி ஷீட்டத் தூக்கிட்டு நின்னுச்சு, அங்க மட்டும் புல்லு வந்துச்சு!

இப்பதான் நிம்மதி. ஷீட் எடுத்தப்புறம் ஆழமா கொத்திடாதீங்க, அடில உசுரோட இருக்கிற விதை மேல வந்துரும், நான் லேசா கீறித்தான் விதைச்சேன். கோரைக் கிழங்கு மட்டும் ஆழத்துல தப்பிச்சிருச்சு, அத கையாலதான் தோண்டிட்டு இருக்கேன்.